வீடியோ கடையை மூடச் சொல்லி ஜெபித்தேன்

பிரியமானவர்களே, அந்த வீடியோ கேம் கடையின் நாற்றத்தைச் சொல்லாமல் கர்த்தர் செய்த நன்மையை என்னால் சொல்ல முடியாது. எண்பத்தைந்தாம் வருஷ மழைக்காலம். தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் ஏழாம் வகுப்பு டீச்சர். எங்களுக்கு மத்தியான ஷிப்ட். காலை முழுவதும் அந்தக் கடையில் கிடந்துவிட்டு, சிவந்த கண்களோடு பையன்கள் வந்து வகுப்பில் தூங்கி விழுவார்கள்.

ஒருநாள் தேடிப் போனேன். ஜன்னல் இல்லாத அறை. வியர்வை, பீடிப் புகை, ஈரச் செருப்பு. என் மாணவன் ஜேக்கப் திரைக்கு முன்னால் வாயைப் பிளந்து நின்றான். கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

ஹெட்மாஸ்டர் தாராவிக்காரர் இல்லை, வசதியான மாட்டுங்கா பக்கமிருந்து வருகிறவர். ஜேக்கப்பைப் பிரம்பால் அடித்துப் பார்த்தார். கடைசியில், "திங்கக்கிழமை ரிஜிஸ்டர்லேர்ந்து அவன் பேரை அடிச்சிடலாம் டீச்சர். மத்தவன் பயப்படுவான்" என்றார். பேர் போனால் பிள்ளை அந்தக் கடையிலேயே வளர்வான். அந்தப் பேச்சும் எனக்கு அருவருப்பாகவே இருந்தது. உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, அந்தக் கடையை இழுத்து மூடும்" என்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம். ஆளாளுக்கு ஸ்தோத்திரம் சொல்லும் நேரத்தில் ஜேக்கப்பின் அம்மா எஸ்தர் எழுந்தாள். "எம் புள்ள தெருவுல அலையாம காலைல வீடியோ கடையில பத்திரமா இருக்கான். அதுக்காவ ஸ்தோத்திரம் ஆண்டவரே!" எல்லோரும் ஆமென் சொன்னார்கள்! சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

கூட்டம் முடிந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அறிவிருக்கா எஸ்தர் ஒனக்கு?"

"என்ன டீச்சர் செய்ய? இருக்கது ஒத்த ரூமு. அதுலதான் எங்க வீட்டுக்காரவிய செருப்புக்குத் தோலு வெட்டுதாவ. கத்தி, பசை. புள்ள எங்க இருப்பான்?"

மறுநாள் ஹெட்மாஸ்டரை அந்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. பசை நெடியில் இருமிக்கொண்டே சாக்கடை ஓரம் நின்றார். நான் மனதுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "ஸ்கூல்ல ஒடஞ்ச பெஞ்சு போட்டிருக்கிற ரூமைக் காலி பண்ணச் சொல்றேன். காலைல பசங்க அங்க வரட்டும்" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்தா! கர்த்தரைத் தவிர வேறு யார் அதைச் செய்திருக்க முடியும்?

ஜேக்கப் பேரை அடிக்கவில்லை. காலையில் அந்த அறையில் கேரம் போர்டு, வீட்டுப்பாடம், நான். முதலில் நழுவி நழுவிக் கடைக்கு ஓடினான். நானும் போய்ப் போய் இழுத்து வந்தேன். பிறகு அவனே தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

அந்தக் கடை இன்றும் திறந்துதான் இருக்கிறது. தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். பிரியமானவர்களே, ஒன்றை மூடச் சொல்லி அழுகிறீர்களா? அங்கே நிற்கிற பிள்ளைக்கு வேறு எங்கே இடம் என்றும் அவரிடம் கேளுங்கள். காட்டுவார். கடை அப்படியே இருக்கிறது; ஜேக்கப் அங்கே இல்லை.