கிருஷ்ணாயில் குமாரசாமி

காஞ்சிபுரத்துக்கு வந்துபோகிற வெளியூர்க்காரர்கள் ஒரு கேலி பேசுவார்கள்: கோயிலில் கட்டியிருப்பது ஒரு யானை, தெருவில் நடப்பது நூறு யானைக்கால். அதைக் கேட்டுச் சிரிக்கிற ஊர்தான் எங்களுடையது. வீட்டுக்கு ஒரு கால் வீங்கிக் கிடந்தாலும் அது தண்ணீரின் குணம், தலையெழுத்து என்று சொல்லிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்துகொள்வோம். கொசுதான் காரணம் என்று முனிசிபாலிடி தண்டோரா போட்டபோது, இத்துனூண்டு கொசு யானையைச் சுமந்து வருமா என்று அதற்கும் சிரித்தோம்.

அது முப்பதுகளின் தொடக்கம். தண்ணீர் தேங்குகிற இடமெல்லாம் கிருஷ்ணாயில் ஊற்றிக் கொசுப் புழுவைக் கொல்ல ஆள் எடுத்தார்கள். மண்ணெண்ணெயை அப்போது அப்படித்தான் சொல்வோம். எங்கள் நெசவுத் தெருவுக்கு வந்து சேர்ந்த ஆள் வேறு யாருமில்லை, எங்கள் தெருக் குமாரசாமியேதான். பார்வை மங்கி, இழை தெரியாமல் போய், தறியை விட்டவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் கமலவேணி கொல்லையில் பட்டுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள். முசரவாக்கத்தில் இருந்த அவர் அக்காளின் மகன் முருகேசனுக்குத்தான் அவள் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தது.

எங்கள் தெருக் கிணறுகள் உப்பு. உப்புத் தண்ணீரில் போட்ட சாயம் திட்டுத்திட்டாக நிற்கும். அதனால் சாயம் போடுகிற வீடுகளில் ஐப்பசி மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து மாதக்கணக்கில் காப்பாற்றுவார்கள். தாகத்துக்குக் கேட்டால்கூட ஒரு சொம்பு கொடுக்க மனம் வராது. புழு நெளிந்ததும் அந்தத் தொட்டிகளில்தான். குமாரசாமி எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்ததும் அவற்றில்தான்.

எண்ணெய் மிதக்கிற தண்ணீரில் பட்டை முக்கினால் அந்தப் பட்டு வீண். தறியில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. மகளுடைய தொட்டியில் முதல் தடவை ஊற்றிவிட்டு அப்படியே முழித்துக்கொண்டு நின்றார். வேலையையும் விட முடியாது, பட்டையும் கெடுக்க முடியாது. பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பாவு விரிக்கிற மாதிரி வேட்டியைத் தண்ணீர் மேல் பரப்பி மெல்ல இழுத்தார்கள். எண்ணெய் முழுக்க வேட்டியோடு வந்துவிட்டது. புழுவும் பிழைத்துக்கொண்டது.

கமலவேணி இதைப் பக்கத்து வீட்டுச் சிநேகிதி இந்திராணிக்குச் சொல்லிக் கொடுத்தாள். இந்திராணி வீட்டிலிருந்து தெருவே கற்றுக்கொண்டது. அவர் முன்வாசலைத் தாண்டுவதற்குள் கொல்லையில் வேட்டி விரிந்துவிடும். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள் என்று பெண்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான், பாவம்.

சில மழைக்காலங்கள் போயின. ஒருநாள் கமலவேணிக்குக் குளிர்காய்ச்சல் கண்டு தொடையிடுக்கில் நெறி கட்டியது. தானே வடிந்தது. பிறகு மறுபடியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் போகும்போது இடது காலில் கொஞ்சம் வீக்கத்தை விட்டுவிட்டுப் போனது. பற்றுப் போட்டார்கள், கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: “எண்ணெய் ஊத்தறது வராம இருக்கறதுக்குப்பா. வந்த காலை வடிய வைக்க என்கிட்ட மருந்து இல்ல.”

முசரவாக்கத்திலிருந்து அக்காள் வந்தாள். மருமகளாக வேண்டியவளின் காலைப் பார்த்தாள். போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, பொழுதோடு போக வேண்டும் என்று எழுந்துகொண்டாள். பிறகு ஆள் வந்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்குத்தான். முருகேசனுக்கு இந்திராணியைப் பேசி முடித்தார்கள். அக்காளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இந்த ஊரில் வேறு எந்தத் தாய்தான் வேறு மாதிரி செய்திருப்பாள்?

அதற்குப் பிறகு குமாரசாமிக்கு வேறு நினைப்பே இல்லை. வீடு வீடாக நின்று, எண்ணெயை எடுக்காதீர்கள் என்று கெஞ்சினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்றார்கள். நீர் சொல்லிக்கொடுத்த வித்தைதானே என்று சிலர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். மகளின் தொட்டியில் மட்டும் எண்ணெயை அப்படியே நிற்க விட்டார். அதனால் அவளுக்குச் சாய வேலை கொடுப்பாரும் இல்லாமல் போனது.

கல்யாணம் நெருங்கியபோது நடந்ததை அவர் பின்னாளில் என்னிடம் சொன்னார். கமலவேணி அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்கிறாள். “நாந்தான்பா இந்திராணிக்குச் சொல்லிக் குடுத்தேன். அவளுக்கும் வந்துடப் போவுது. எனக்காக ஒருவாட்டி போயி சொல்லிட்டு வாப்பா.”

போனார். இந்திராணியின் தாய் தேவகி, மகளின் கூறைப்புடவைக்கான பட்டை அரக்குச் சாயத்தில் முக்கத் தொட்டியருகே நின்றிருந்தாள். வேட்டி ஏற்கெனவே கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

“உங்க பொண்ணுக்கு அமையாதது எம் பொண்ணுக்கும் அமையக்கூடாதுன்னு வந்து நின்னுக்கினு இருக்கீங்களாண்ணே?”

அவர் திரும்பி நடந்தார். வாசலில் இந்திராணி கொலுசு குலுங்க ஓடிவந்து, கமலவேணி எப்படியிருக்கிறாள் என்று விசாரித்தாளாம். நல்லாயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் மகள் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். “என்னாப்பா சொன்னாங்க?”

“இனிமே எடுக்க மாட்டாங்களாம்மா.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

“அப்போ அவளாச்சும் தப்பிச்சாப்பா.”

குமாரசாமி தலையை ஆட்டினார்.