நான்ட்வென்னுக்கு வர வேண்டிய தொப்பி

வேல்ஸ் நாட்டு ரக்பி அணியைத் தேர்ந்தெடுக்க அந்த நாளில் ஐந்து பேர் இருந்தார்கள். கடவுளைக்கூட ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் நாலு வார்த்தை கேட்கலாம். இந்த ஐவரை ஒரு வார்த்தை கேட்க முடியாது.

ஐவரில் நான்கு பேர் வாலிபத்தில் பின்வரிசையில் ஓடி ஆடியவர்கள், அதாவது சட்டையில் சேறு படாமல் ஆடியவர்கள். தலைவர் டாக்டர் பிக்டன். அவருக்குக் கீழே ஒரு தலைமையாசிரியர், ஒரு பீர் கம்பெனி ஏஜென்ட், ஒரு போலீஸ் சூப்பரின்டெண்ட். ஐந்தாவது ஆள்தான் இத்வல் ப்ரோபர்ட், நான்ட்வென் நிலக்கரிச் சுரங்கத்துப் பட்டறையில் கொல்லர். பதினாறு வருஷம் ஸ்க்ரம்முக்கு நடுவில் தலையைக் கொடுத்தவர். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையைக் கோத்துக்கொண்டு சேற்றில் தள்ளுவதுதான் ஸ்க்ரம். அவருடைய இரண்டு காதும் பிசைந்து மறந்து வைத்த மாவு மாதிரி இருக்கும். குழுவில் அந்தத் தகுதி அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அதனாலேயே அவரை மேசையின் கடைசியில் உட்கார வைத்தார்கள்.

பதினைந்து பேரில் ஓடுகிறவர்கள் ஏழு, தள்ளுகிற ஃபார்வர்டுகள் எட்டு. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கக் குழு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எட்டுப் பேருக்குத் தேநீர் வருகிற வரைக்கும்தான் நேரம். உயரமாக இருக்கிறானா, போன வருஷம் இருந்தானா, எந்த ஊர்க்காரன். இந்த மூன்று கேள்வியோடு விஞ்ஞானம் முடிந்துவிடும்.

நாட்டுக்கு ஆடியவனுக்கு ஒரு வெல்வெட் தொப்பி கொடுப்பார்கள். தலையில் போட முடியாது, சுவரில் வைத்துப் பார்க்கத்தான். மலைக்கு அந்தப் பக்கம் கும்ஹெலிக்கில் அப்படி மூன்று தொப்பி இருந்தது. நான்ட்வென்னில் ஒன்றுகூட இல்லை. நான்கு வருஷம் ஒவ்வொரு கிளப்பாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டு, இத்வலைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பிய நான்ட்வென் கிளப் அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டது.

"நாட்டுக்காக உன்னை அனுப்பல இத்வல்," என்றார் கிளப் செயலாளர். "கார்னெட்டுக்காக அனுப்பறோம். அதுல குழப்பம் வேண்டாம்."

கார்னெட் பெய்னன் நான்ட்வென்னின் முட்டுக்காரன். ஸ்க்ரம்மின் முன்வரிசையில் ஓரமாக நின்று மொத்தப் பாரத்தையும் தோளில் தாங்குகிற ஆள். வயது முப்பத்தொன்று. இன்னும் ஒன்றிரண்டு குளிர்காலத்துக்குள் வராவிட்டால் அவனுக்குத் தொப்பி கிடையாது. இத்வலின் கண்முன்னே வளர்ந்தவன், அவர் பட்டறைக்கு ஐந்நூறடி கீழே நிலக்கரி வெட்டுகிறவன்.

தேர்வு ஆட்டத்துக்குக் கிளம்பிய அன்று காலையில் இத்வலின் மனைவி ஓல்வென் அவர் கோட்டைப் பார்த்தாள்.

"பட்டன் ஒண்ணு போச்சு. டாக்டரு உன்னைப் பாத்தா காசு போட்டுருவாரு."

"அவரு எங்க போடப் போறாரு. எங்கிட்ட ஓட்டு இருக்கு, அதைத்தான் எடுத்துப்பாரு."

"குடுத்துத் தொலை. ஒரு தொப்பியை வாங்கிட்டு வா. கடைக்குப் போனா பத்துப் பேரு கேக்கறாங்க, என்னமோ நான் பின்னித் தரப் போற மாதிரி."

தேர்வு ஆட்டம் கார்டிஃபில் நடந்தது. அநேகமாக அணியில் இருக்கப் போகிறவர்களுக்குச் சிவப்புச் சட்டை, போனால் போகிறதென்று கூப்பிட்டவர்களுக்கு வெள்ளைச் சட்டை. கார்னெட்டுக்கு இத்வல் ஏற்கெனவே சிவப்பு வாங்கித் தந்திருந்தார். அதைப் பார்க்க நான்ட்வென்னிலிருந்து மூன்று பஸ் வந்திருந்தது. எதிரே வெள்ளையில் எம்லின் ரோசர் என்று இருபத்துமூன்று வயதுப் பையன், இரும்பாலையில் உலைக்காரன். எல்லா ஊரையும் விட்டுவிட்டு அவன் கும்ஹெலிக்கில் பிறந்திருந்தான்.

முதல் ஸ்க்ரம்மில் கார்னெட்டின் இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பின. நூறு கிலோ ஆளை அந்தப் பையன் நெஞ்சுக்குக் கீழே தோளைக் கொடுத்து, கதவைக் கீலோடு கழற்றுகிற மாதிரி தூக்கினான். இரண்டாவது தடவையும் தூக்கினான். மூன்றாவது தடவை கார்னெட் முன்கூட்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான், அப்படியும் தூக்கினான். மேலே உட்கார்ந்திருந்த குழு அப்போது மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடிய ஒரு செம்பட்டைத் தலையனைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அவன் பெயரைக் குறிப்பேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

இத்வல் தன் குறிப்பேட்டை மூடி வைத்தார். அவர் பார்த்ததை மற்ற நால்வரும் பார்க்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் தொப்பி நான்ட்வென்னுக்கு வந்துவிடும். அவ்வளவு சுலபம். உலகத்தில் முக்கால்வாசி பெரிய மனிதர்கள் அப்படித்தான் பெரிய மனிதர்கள் ஆகியிருக்கிறார்கள்.

இடைவேளையில் சட்டை மாற்றுவது வழக்கம். சிவப்பில் சரியில்லாதவன் நடு மைதானத்தில் அத்தனை பேர் பார்க்கச் சட்டையைக் கழற்றி, வெள்ளையில் நன்றாக ஆடியவனிடம் கொடுக்க வேண்டும். தூக்குத் தண்டனைக்குக்கூட ஒரு மறைப்பு உண்டு.

"டாக்டர், முட்டுக்காரங்க ரெண்டு பேரை மாத்தணும்," என்றார் இத்வல்.

"ஃபார்வர்டு உங்க பாடு, ப்ரோபர்ட். யாரு எந்தப் பக்கம் தள்றான்னே எனக்குப் புரிஞ்சதில்ல." டாக்டர் இதைப் பெருமையாகச் சொன்னார்.

வழக்கமாகச் சீட்டு எழுதி ஆளிடம் கொடுத்தனுப்புவார்கள். இத்வல் தானே படியிறங்கிப் போனார்.

"கார்னெட், சட்டையைக் கழட்டு."

"ஏன் மாமா, யாருக்கு அடி?"

"யாருக்கும் அடி இல்ல. எம்லின்கிட்ட குடு."

கார்னெட் சிரித்தான். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "அவன் கும்ஹெலிக்காரன் மாமா."

"தெரியும்."

"மேல மூணு பஸ்ஸு ஜனம் நிக்குது. எங்கம்மா இருக்கு."

"தெரியும்டா. மூணு தடவ தூக்கிட்டான் உன்னை."

"யாரும் பாக்கல," என்றான் கார்னெட் மெதுவாக. "நீ மட்டும்தான் பாத்த."

 இத்வல் கையை நீட்டியபடி நின்றார். ஈரச் சட்டை கார்னெட்டின் காதில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. எம்லின்தான் பிடித்து இழுத்து உதவினான்.

"மன்னிச்சுக்கண்ணே," என்றான் பையன்.

"வாயை மூடிக்கிட்டுப் போடு. சட்டை இறுக்கப் போவுது உனக்கு."

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது: "இத்வல், கும்ஹெலிக்ல யாருய்யா உனக்குச் சின்ன வீடு?" மூன்று பஸ்ஸும் சிரித்தது. அதற்கப்புறம் அந்த மூன்று பஸ்ஸும் அவரைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை.

ஆட்டம் முடிந்து ஹோட்டல் அறையில் குழு கூடியது. செம்பட்டைத் தலையனுக்கு ஒரு மணி நேரம் போயிற்று. ஏஜென்ட் தன் ஊர் ஆளை விட்டுக்கொடுத்தால் தலைமையாசிரியர் தன் மாணவனை விட்டுக்கொடுப்பார், சூப்பரின்டெண்ட் இரண்டு பேருக்கும் ஓட்டுப் போட்டுவிட்டு ஒரு கான்ஸ்டபிளை உள்ளே நுழைப்பார். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் துண்டுக்குள்ளாவது கையை மறைத்துக்கொள்வார்கள். ஃபார்வர்டுகள் முறை வந்தபோது தேநீர்த் தட்டு வாசலுக்கு வந்திருந்தது.

டாக்டர் இத்வலைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "கெட்டிக்காரருய்யா நீங்க. வேண்டாத மாதிரி சட்டையைக் கழட்ட வச்சு உங்க ஓட்டோட விலையை ஏத்திட்டீங்க. சரி, உங்க பெய்னனைச் சேத்துக்கலாம். என் செம்பட்டையனுக்கு நீங்க கையைத் தூக்குங்க."

"பெய்னன் வேண்டாம். ரோசரைப் போடுங்க."

"ரோசர் யாரு?"

"பெய்னனைத் தூக்கினவன்."

"எங்க தூக்கினான்?" என்றார் தலைமையாசிரியர். ஆட்டம் முழுக்க முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

சூப்பரின்டெண்ட் குறிப்பேட்டைப் புரட்டினார். "கும்ஹெலிக் ஆளு. நீங்க நான்ட்வென் ஆச்சே. அவங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யல. ஒரு காலத்துல என் காதைக் கடிச்சாங்க, அவ்வளவுதான்."

"அப்ப ரோசருக்குப் பதிலா எங்ககிட்ட என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

 ஒன்றும் வேண்டாம் என்கிற ஆளை அந்த மேசை அதற்கு முன் பார்த்ததில்லை. சூப்பரின்டெண்ட் முப்பது வருஷமாகத் திருடர்களைப் பார்த்தவர், இப்படிப்பட்டவனை எந்தப் பிரிவில் பிடிப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

"இதுல என்னமோ இருக்கு," என்றார் ஏஜென்ட்.

"இருக்கட்டும், தேநீர் ஆறுது," என்றார் டாக்டர். ரோசர் அணிக்குள் வந்தது அப்படித்தான்.

அந்த அணி எடின்பரோவில் ஜெயித்தது. செம்பட்டைத் தலையனைப் பற்றிப் பத்திரிகைகள் அரைப் பக்கம் எழுதின. எம்லினைப் பற்றி ஒரு வரி இல்லை. முட்டுக்காரனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் அது இத்வல் ஒருவருக்குத்தான் தெரியும். அவரிடம்தான் நான்ட்வென்னில் யாரும் பேசவில்லையே. பட்டறைக்கு இரும்பு கொண்டுவருகிறவர்கள் இரும்பை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். ஓல்வென் சாமான் வாங்க அடுத்த ஊருக்கு நடந்தாள்.

குழுவில் ஒருமுறை ஜெயித்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பது கிளப்பின் பாடு. கிளப்பின் ஜூன் மாதக் கூட்டத்தில் இத்வலை எதிர்த்து நான்ட்வென் மருந்துக்கடைக்காரரை நிறுத்தினார்கள். வாலிபத்தில் ஓரத்தில் ஓடியவர், ஸ்க்ரம் பக்கம் போனதே இல்லை. ஐம்பத்தெட்டுக் கைகள் அவருக்கு உயர்ந்தன. அதில் ஒன்று கார்னெட்டுடையது. அவன் இத்வலைப் பார்த்துக்கொண்டேதான் தூக்கினான். அந்த மட்டும் மரியாதை இருந்தது.

மருந்துக்கடைக்காரர் ஊர் சொன்னபடி செய்தார். அடுத்த குளிர்காலம் செம்பட்டையனுக்குக் கையைத் தூக்கினார், பதிலுக்குக் கார்னெட் அணிக்குள் வந்தான். எம்லின் வெளியே போனான். அவனை எதற்காக எடுத்தோம் என்பது குழுவில் யாருக்கும் நினைவில்லை. பாரிஸில் ஆட்டம். இத்வல் சமையலறை ரேடியோவில் கேட்டார். ஸ்க்ரம் மறுபடி சரிந்தது, மறுபடி சரிந்தது என்று அறிவிப்பாளர் வருத்தப்பட்டார், காரணம் சொல்லவில்லை. வேல்ஸ் தோற்றது. நான்ட்வென் பாண்டு வாத்தியம் வைத்து ஊர்வலம் நடத்தியது.

ஊர்வலம் முடிந்த நாலாம் நாள் கார்னெட் பட்டறைக்கு வந்தான். கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்ப முடியாமல் தோளோடு சேர்த்துத் திரும்பினான்.

"கிளப்புல தொப்பிக்குக் கண்ணாடிப் பெட்டி வாங்கியிருக்காங்க மாமா. சுவத்துல மாட்ட இரும்புத் தாங்கி வேணுமாம்."

"அளவு இருக்கா?"

கார்னெட் காகிதத்தைக் கொடுத்தான். போகாமல் நின்றான்.

"எத்தனை தடவ தூக்கினான் அந்தப் பாரிஸ்காரன்?" என்று கேட்டார் இத்வல், காகிதத்தைப் பார்த்தபடி.

"எண்ணல. மேலேயிருந்து பாக்கறப்ப பாரிஸ் நல்லாத்தான் இருந்துச்சு."

இத்வல் உலையில் கம்பியை வைத்தார். கார்னெட் கேட்காமலே துருத்தியைப் பிடித்தான்.

"நீ அன்னைக்குச் செஞ்சது சரிதான் மாமா," என்றான் துருத்தியை அழுத்திக்கொண்டே. "ஆனா ஜூன்ல மறுபடி ஓட்டு வந்தாலும் உனக்கு எதிராத்தான் தூக்குவேன். அந்தத் தொப்பியை அம்மா தினம் போய்ப் பாக்குது."

"பாக்கட்டும். இதை நல்லா ஊது, சூடு பத்தல."

அன்று மதியத்துக்குள் தாங்கி முடிந்தது. இத்வல் மட்டம் வைத்துப் பார்த்தார், ஒரு முனையை மறுபடி காய்ச்சித் தட்டினார், மறுபடி மட்டம் வைத்தார். கார்னெட் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கிளப்புக்கு நடந்தான்.