மணக்காத மரச்சீவல்

பிரெஞ்சு பேசும் ஒரு பனி நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அப்போது இருந்தேன். மூன்றாம் மாடியில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் தனியாக இருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவள். கண்ணாடிப் பெட்டிக்குள் செம்மஞ்சள் நிறப் பாம்பு ஒன்றை வளர்த்தாள். விஷமில்லாதது. அக்காவின் கல்யாணத்துக்காக மூன்று கிழமை ஊருக்குப் போனபோது அதை என் பொறுப்பில் விட்டாள்.

தண்ணீர் வைப்பது, விளக்குச் சூடு, எல்லாம் காட்டினாள். கடைசியில், "அடியில போடுற மரச்சீவல் சிங்குக்குக் கீழ மூட்டையில இருக்குண்ணா. ஒரு வாரம் கழிச்சு மாத்திடுங்க. போதலைன்னா கடையில கிடைக்கும். மணக்கிற மரம் மட்டும் வேண்டாம், அதுக்கு அது விஷம்" என்றாள்.

நான் நிலத்தைப் பார்த்தபடி "ஓம்" என்றேன். பழக்கமில்லாத பெண்களோடு எனக்கு அதற்கு மேல் கதை வராது.

ஒரு கிழமை கழித்துப் போய் சிங்குக்குக் கீழே திறந்தால், குழாய் ஒழுகி மூட்டை முழுக்க நனைந்திருந்தது. சீவல் பூஞ்சணம் பிடித்து, மூக்கைப் பொத்த வேண்டியதாகக் கிடந்தது. குழாயைப் பார்க்க வேண்டியவனும் நான்தான். மணக்கிறது விஷம் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. மூட்டையை அப்படியே குப்பையில் போட்டுவிட்டு, குழாயை இறுக்கிவிட்டு, பிராணிகளுக்கான கடைக்கு பஸ் எடுத்தேன்.

கடையில் நாலைந்து வகைச் சீவல் அடுக்கியிருந்தார்கள். பைகளில் எல்லாம் பிரெஞ்சு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். கடைக்காரப் பெண் "போன்ஜூர்" என்றதும் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டேன். அவள் போன பிறகு திரும்பி வந்து, ஒவ்வொரு பையின் ஓட்டையிலும் மூக்கை வைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சீவலில் ஒன்றும் தெரியவில்லை. சிவப்புச் சீவலில் அப்படி ஒரு வாசம். கோயில் தேர் செய்யும் இடத்தில் நிற்பதுபோல இருந்தது. இவ்வளவு சுத்தமான வாசம் வருகிற மரத்தில் கெடுதல் என்ன இருக்கும் என்று அதையே எடுத்தேன்.

பாம்பு தான் ஒளிந்துகொள்ளும் சின்னப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. கீழே கடதாசி மட்டையைச் செருகி, பெட்டியோடு தூக்கி வெளியே வைத்தேன். தொடவில்லை. பழையதை அள்ளி, சிவப்புச் சீவலை மூன்று விரல்கடை உயரத்துக்குப் பரப்பினேன். வீட்டுக்குப் போனதும் மனைவி என் சட்டையை முகர்ந்தாள்.

"என்ன, பாம்புக்குப் பன்னீர் தெளிச்சனீங்களோ?"

இரண்டாம் நாள் போனபோது பாம்பு சீவலில் படுக்கவில்லை. கண்ணாடியோடு நிமிர்ந்து, மூக்கை மேல் மூடியின் வலையில் அழுத்திக்கொண்டு நின்றது. வாயைத் திறந்து திறந்து மூடியது. காதைக் கிட்டக் கொண்டுபோனால் மெல்லிய டிக், டிக் சத்தம். வாயோரத்தில் சின்ன நீர்க்குமிழ்.

அவள் எழுதி வைத்த தொலைபேசி எண் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். அன்றைக்கு அழைக்கவில்லை. கல்யாண வீட்டில் யார் எடுப்பார்களோ, நான் யாரென்று என்ன சொல்வேனோ. படியில் ஏறிப் போய்ப் பார்ப்பதும் இறங்கி வருவதுமாக அந்த நாள் போனது.

மறுநாள் காலை சத்தம் கூடியிருந்தது. கதையைக் கேட்ட மனைவி போன் கார்டை என் முன்னால் வைத்தாள்.

"எடுத்துச் சொல்லுங்கோவன். அவ உங்களைக் கடிக்கவே போறா?"

நல்ல காலம், அவளே எடுத்தாள். பின்னால் மேளச் சத்தம்.

"தங்கச்சி, பாம்பு வாயைத் திறக்குது. மூச்சு சத்தமாக் கிடக்கு."

"எப்பலேர்ந்துண்ணா?"

"இண்டைக்குக் காலமை" என்றேன்.

"அடியில என்ன இருக்கு?"

"பழையது நனைஞ்சு மணந்து போச்சு. புதுசு போட்டனான். நல்ல வாசம்."

"வாசமா? மணக்கிறது வேண்டாம்னு சொன்னேனே அண்ணா?"

"ஓம், அதுதான் மணக்காததாப் பாத்து எடுத்தனான்."

மேளச் சத்தம் தூரமானது. பிறகு மெதுவாகக் கேட்டாள், "அண்ணா, உங்க ஊர்ல மணக்குதுன்னா நாத்தமா?"

"வேறை என்ன?"

"எங்களுக்கு அது நல்ல வாசனைண்ணா. அந்த வாசனைதான் அதோட நெஞ்சுக்கு ஆகாது. இப்பவே வெளிய எடுங்க. கையாலதான் எடுக்கணும். ஜன்னலைத் திறந்துடாதீங்க, குளிர்ல செத்துடும்."

மூன்றாம் மாடிக்கு ஓடிப்போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டேன். நடுவுடலைத் தாங்கித் தூக்கினேன். குளிராகவும் உலர்ந்தும் இருந்தது. ஒவ்வொரு மூச்சும் என் உள்ளங்கையில் கரகரத்தது. தலையணை உறைக்குள் விட்டு, காற்றுப் போக இடம் வைத்துக் கட்டி, வேறு அறையில் வைத்தேன். சிவப்புச் சீவலைத் துளி விடாமல் அள்ளி, கண்ணாடியை வெந்நீரால் நாலு தரம் கழுவினேன். மூக்கை வைத்தால் ஒன்றும் தெரியாத வரைக்கும். தமிழ்க் கடையில் காசில்லாமல் கிடைக்கும் பத்திரிகையை விரித்து அதன்மேல் பாம்பை விட்டேன்.

மறுபடி அந்தப் பிராணிக் கடைக்குப் போய், கடைக்காரப் பெண்ணிடம் வெள்ளைச் சீவலைக் காட்டி, கையால் பாம்பு ஊர்வதுபோலச் செய்து, தலையை ஆட்டிக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, ஓம் என்பதுபோல "வீ, வீ" என்றாள். தங்கச்சி போனில் சொல்லித்தந்தபடி பூச்சி முட்டை சாக, பையை இறுகக் கட்டி ஒரு நாள் பால்கனிப் பனியில் வைத்தேன். பிறகு உள்ளே கொண்டுவந்து குளிர் போகவிட்டு, அரிதட்டில் தூள் போக அரித்து, ஈர்க்குப் போன்ற கூர்ச் சிராய்களைப் பொறுக்கி எறிந்து, பரப்பினேன்.

குமிழ் நின்றது. டிக் சத்தம் நிற்க ஒரு கிழமை சென்றது. ஒவ்வொரு காலையும் வேலை தொடங்குமுன் காது வைத்துக் கேட்டேன்.

அவள் வந்திறங்கியதும் பெட்டிகளை வாசலிலேயே விட்டுவிட்டுப் பாம்பை எடுத்துக் காதோடு வைத்தாள். நான் கதவடியில் நின்றேன்.

"நல்லாத்தான் இருக்குண்ணா. நீங்க உடனே போன் பண்ணினதுதான்."

அப்படியே தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போயிருக்கலாம்.

"உடனே இல்லைத் தங்கச்சி. முந்தின நாளே பாத்தனான். உங்களுக்குப் போன் எடுக்க வெக்கமாக் கிடந்தது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பாம்பை மறுபடி காதோடு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, முன்பைவிட நெடுநேரம் கேட்டாள்.