கொக்குகளுக்குத் தெரிந்த முகம்

என் தம்பி விமான நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் ஓடுபாதையில் ஒரு பறவைகூட நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. பறவை விரட்டுவதுதான் அவன் உத்தியோகம். கையில் வெடித் துப்பாக்கி, கழுத்தில் விசில். அவன் ஜீப்பிலிருந்து காலைக் கீழே வைப்பதற்குள் கொக்கெல்லாம் கிளம்பிவிடும். கொக்கு என்று எழுதிவிட்டேன். சரியாகச் சொன்னால் பாதி நாரை.

பிறகு விமான நிலையம் ஊருக்கு வெளியே போய்விட்டது. பழைய இடத்தில் அலுவலகம், கடை, குடியிருப்பு என்று புதிய வணிக நகரமே எழும்பியது. ஓடுபாதையின் கோடியில் ஏரி வெட்டினார்கள். விளம்பரப் பலகையில் ஏரி நிறையக் கொக்குகள். ஏரியில் ஒன்றுகூட இல்லை. பறவைகளோடு பழகிய ஆள் வேண்டும் என்று தேடினார்கள். தம்பி போய் நின்றான். எப்படிப் பழகினாய் என்று அவர்கள் கேட்கவில்லை. தம்பியும் மூச்சு விடவில்லை. திறப்பு விழாவுக்குள் பறவைகள் வந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு.

ஏரியில் மீன் விட்டான். கரையில் காத்திருந்தான். மேலே வந்து வட்டமிட்டவை அவனைக் கண்டதும் திரும்பின. ஒரு சிறகுகூட இறங்கவில்லை.

"அக்கா, அதுங்களுக்கு என்னை அடையாளம் தெரியுது."

"என் பிறந்தநாளே உனக்கு ஞாபகம் இருக்காது. கொக்குக்கு உன் மூஞ்சி ஞாபகம் இருக்காக்கும்."

மீசையை எடுத்தான். அவன் மனைவி அன்று முழுக்கச் சிரித்தாள். கொக்குகள் ஏமாறவில்லை. அவளுடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். அதற்கும் விலகிப் பறந்தன. ஏரியை விட்டுவிட்டு, புதிய ஓட்டலின் மொட்டை மாடியில் போட்டிருந்த சாப்பாட்டு மேஜைகளில் போய் உட்கார்ந்தன.

நான் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோன அன்று, வணிக நகரத்தின் மேலாளர் தோளில் பறவை எச்சத்தோடு ஏரிக்கரைக்கு வந்தார்.

"ஏரிக்குக் கூப்பிடச் சொன்னா ஓட்டலுக்கு அனுப்பறீங்க. நீங்க எந்தக் கட்சி? உங்களுக்கு வேலை தெரியுமா, தெரியாதா?"

என் தம்பியை என் எதிரிலேயே குறை சொன்னால் நான் சும்மா இருப்பேனா?

"பார்த்துப் பேசுங்க சார். இவனைக் கண்டு பறக்காத பறவை இந்த ஊர்லயே கிடையாது. இதே இடத்துல விரட்டி விரட்டி விருது வாங்கினவன்."

தம்பி என் முழங்கையைக் கிள்ளினான். அவன் ஏன் கிள்ளுகிறான் என்று எனக்குப் புரிவதற்குள் மேலாளருக்குப் புரிந்துவிட்டது. அவர் அவனைப் பார்த்தார், ஓட்டல் மாடியைப் பார்த்தார், தன் தோளைப் பார்த்தார்.

"அப்போ இங்க ஏன் நிக்கறீங்க? மேல போய் நில்லுங்க."

தம்பி மாடிப்படியின் கடைசிப் படியில் தலையைக் காட்டியதும் மேஜைகள் காலியாயின. போக வேறு இடமில்லாமல் எல்லாம் ஏரியில் இறங்கின.

திறப்பு விழாவன்று ஏரி வெள்ளை வெளேரென்று இருந்தது. பறவைப் பராமரிப்பாளர் என்ற அட்டை தம்பி கழுத்தில். மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தான்.

"ஒரே ஒரு தடவை கிட்டப் போய் பாத்துட்டு வந்துடறேன் அக்கா."

"அசையாம நில்லுடா. முதல்ல அவங்க ரிப்பனை வெட்டட்டும்."