வில்லியனூர் வடிகஞ்சி

ரயில் வர இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ள, ஊர் ஊராப் போயி பாடம் சொல்ற நம்ம நர்சுங்க எல்லாருக்கும் இந்தக் கடுதாசி. படிச்சுட்டுக் கைமாத்தி விடுங்க.

இன்னிக்கு வில்லியனூர் பக்கம் ஒரு பண்ணை வீடு. பிரெஞ்சு டாக்டர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிச்சேன். சோறு வடிச்ச கஞ்சியை வீணாக்காதீங்க, சத்தெல்லாம் அதுலதான் போவுதுன்னேன்.

பண்ணையார் சம்சாரம் முகத்தைச் சுளிச்சாங்க. "அது ஆளுங்களுக்கு ஊத்தறது, நர்சம்மா."

நான் விடலை. மாசமா இருக்கிற அவங்க மருமகளோட வீங்கின காலைக் காட்டிக் காட்டிப் பேசினேன். கடைசியில அவங்களே உப்புப் போட்டு, ஒரு சொம்புக் கஞ்சியை மருமக கையில கொடுத்தாங்க. எனக்குத் தலைகால் புரியலை.

அந்தச் சந்தோஷத்தோட கொல்லைப்பக்கமா வெளியே வந்தேன். அவங்க வயல்ல களையெடுக்கிற பொம்பளை ஒருத்தி காலிச் சட்டியோட நின்னுக்கிட்டிருந்தா. அவளுக்கும் வயித்துல புள்ளை.

"உள்ள இன்னாம்மா சொன்னீங்க? தினம் ஊத்தற கஞ்சி, இன்னிக்கு வூட்டுக்கே வேணும்னுட்டாங்க."

கஞ்சியில சத்து இருக்குன்னு சொன்னதைச் சொன்னேன்.

"அது எங்களுக்குத் தெரியும். அவங்ககிட்ட ஏம்மா சொன்னீங்க?"

குரல்ல கோபமே இல்லை. சட்டியைக் கவுத்து இடுப்புல வெச்சுக்கிட்டுப் போயிட்டா.

நாளைக்கு அவ தெருவுலயும் இதே பாடத்தை நான் சொல்லணுமாம். எனக்குப் பதிலா யாராவது போறீங்களா?