கள்ளக்காசு பிடித்தவர்

இன்று ஏற்காட்டிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். ரிட்டையரான போலீஸ்காரராம்.

"செம்மநத்தத்துல கள்ளக்காசு அடிச்சவனைப் புடிச்சது நாந்தானுங்க" என்றார் பெருமையாக.

அவர் பிடித்தது என் கணவரை.

எண்பதுகளில் என் கணவர் ஒரு பழைய கை பிரஸ்ஸில் கோட்டுக்குப் பித்தளைப் பொத்தானும், ஏரிக்கு வரும் குழந்தைகளுக்கு விளையாட்டுக் காசும் அடித்தார். காசில் இறக்கை முளைத்த காட்டெருமை இருக்கும். அதைக் கொடுத்தால் எந்தக் கடையிலும் ஒரு மிட்டாய்கூடத் தரமாட்டார்கள்.

கேஸ் நிற்கவில்லை. ஆனால் ஸ்டேஷனில் அடித்து ஒடித்த வலது கை கடைசிவரை சரியாகவில்லை. பிரஸ்ஸும் திரும்பி வரவில்லை.

"அவரு எங்க ஊட்டுக்காரருங்க. அது விளையாட்டுக் காசுங்க" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. "இப்ப எப்படி இருக்காருங்க?" என்றார்.

"போய்ச் சேந்து நொம்ப நாளாச்சுங்க."

அடிவாரத்தில் அவர் இறங்கும்போது கால் தடுமாறி என்னிடம் கை நீட்டினார். பிடித்து இறக்கிவிட்டேன்.

"எதுக்கும்மா புடிச்சே?" என்று மகள் போனில் கத்துகிறாள்.

விழுந்திருந்தால் பஸ் லேட்டாகியிருக்கும் என்று சொல்லிவைத்தேன். உங்களுக்கு இதைவிட நல்ல பதில் தோன்றினால் சொல்லுங்கள்.