கேமராவுக்குப் பின்னால் ஒரு குரல்

எடிட்டிங் சாஃப்ட்வேரோடு ஏஐயை இணைத்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "இருட்டான காட்சிகளைத் தூக்கிடு" என்று தமிழில் தட்டினால் போதும், டைம்லைனில் வீடியோத் துண்டுகள் தாமாகவே நகர்ந்தன! ஷிஃப்டுக்குக் கிளம்பிய கணவரைப் பிடித்து உட்காரவைத்துக் காட்டினேன்.

அப்போது கையில் இருந்தது, சுரங்கத்தில் வேலை பார்த்த எதிர் குவார்ட்டர்ஸ் செல்வராசு அண்ணனின் பணி ஓய்வு விழாவில் போடவேண்டிய வீடியோ. வீட்டில் எடுத்த பழைய பதிவுகளை அவர் மனைவி வளர்மதி அக்கா கொடுத்திருந்தார். "பின்னணி இரைச்சலை நீக்கு" என்றேன்.

ஏஐ திருப்பிக் கேட்டது: "எல்லாப் பதிவிலும் கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண் பேசுகிறார். அதையும் நீக்கவா?"

'ஆம்' என்று தட்டப்போனவள், எதற்கும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"கொஞ்சம் சிரிங்களேன்." "ஹெல்மெட்ட கழட்டுங்க, மூஞ்சியே தெரியல."

வளர்மதி அக்கா! அத்தனை பதிவுகளில் ஒன்றில்கூட அவர் முகம் இல்லை. "நீக்காதே! அந்தக் குரல் வரும் இடங்களைச் சேர்த்துக் கடைசியில் வை" என்றேன்.

விழாவில் அது ஒலித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்காமல் மனைவியைத் தேடினார். அக்கா கடைசி வரிசையில் நின்று, இதையும் போனில் எடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் மாலையோடு இறங்கிப்போய் அந்தப் போனை வாங்கினார். "எத்தினி நாளு பின்னாடியே நின்னுகினு இருப்ப? மேடைக்குப் போ வளரு, நான் எடுக்கிறேன்."

அக்கா வெட்கத்தோடு ஏறி நின்றார்.

"கொஞ்சம் சிரி" என்றார் அண்ணன்.

எங்கள் வீட்டு வீடியோக்களிலும் நான் வெறும் குரல்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் இருந்த கணவரிடம் என் போனை நீட்டினேன்.